ரெண்டு பாட்டிகளும் ஒரு ஊசியும்

எங்க வீட்டு பீரோவுல ஒரு தலையணை உறை இருக்குங்க. வெள்ளைத் துணி, ஓரத்துல குரோஷா லேஸ், நடுவுல மூக்கோட மூக்கு ஒரசிக்கிட்டு ரெண்டு கிளி. கிளிக்குக் கீழ இங்கிலீஷ்ல 'ஸ்வீட் ட்ரீம்ஸ்'. அந்த 'ஸ்வீட்'ல ஒரு 'ஈ' குறையும் :-) அம்மா போட்டது. எழுத்துல தப்பு இருக்கும்மான்னு சொன்னா, "கிளியப் பாரு கண்ணு, எழுத்த எதுக்குப் பாக்கற" அப்படிம்பாங்க.

அதுல ஒரு கிளிதான் அம்மா போட்டது. இன்னொண்ணு பக்கத்து வீட்டு அக்கா போட்டது. நாமக்கல்ல நாங்க குடியிருந்த லைன் வீட்டுல பாதிப் பேர் லாரிக்காரங்க. எங்கப்பாவும் சரி, அந்த அக்கா வீட்டுக்காரரும் சரி, லோடு ஏத்திட்டு கல்கத்தா, பம்பாய்னு கிளம்பினா இருபது நாள் இருபத்தஞ்சு நாள் ஆகும். போன் கிடையாது. சாயங்காலம் விளக்கு வெச்சதும் ரெண்டு பேரும் திண்ணையில உக்காந்துக்குவாங்க. ஆளுக்கொரு வளையம், ஆளுக்கொரு ஊசி. டிசைனை பட்டர் பேப்பர்ல வரைஞ்சு, கோடு நெடுக குண்டூசியால ஓட்டை போட்டு, நீலப்பொடியை மண்ணெண்ணெயில குழைச்சுத் தேய்ச்சா துணியில புள்ளி புள்ளியா இறங்கும். அந்தப் பேப்பர்தான் அவங்களுக்குச் சொத்து. இவங்க மயில் அங்க போகும், அவங்க ரோஜா இங்க வரும்.

தையலைப் பத்தி எழுத வந்துட்டு லாரியைப் பத்திப் பேசறேனேன்னு நினைக்காதீங்க. நான் சொல்லப்போற கதையும் லோடு ஏத்தறவங்க கதைதான்.

*

சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நாலும் ஒரு காலத்துல ஒரே சேலம் ஜில்லா. 1965ல தருமபுரி பிரிஞ்சது, 1997ல நாமக்கல், 2004ல தருமபுரியில இருந்து கிருஷ்ணகிரி. இந்தப் பழைய ஜில்லாவுல ரோடு, ரயில், லாரி எதுவும் இல்லாத காலத்துல சரக்கு எப்படிப் போச்சு?

பொதி மாட்டுலதான். அதுல பெரிய கை லம்பாடிங்க. வடக்க பஞ்சாரான்னு சொல்வாங்க, கர்நாடகாவுல லம்பாணி, அந்தக் கால வெள்ளைக்காரன் கணக்குல பிரிஞ்சாரி. 'லவணம்'னா உப்பு, அந்தச் சொல்லுல இருந்துதான் லம்பாடிங்கற பேரே வந்துதுன்னு சொல்வாங்க. கடற்கரை உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுபோறது, உள்நாட்டு தானியத்தை பட்டாளத்துக்குக் கொண்டுபோறது இவங்க தொழில். 17ஆம் நூற்றாண்டுல இந்தியாவைச் சுத்தின தவெர்னியேங்கற பிரெஞ்சு வியாபாரி பத்தாயிரம், பன்னெண்டாயிரம் மாடு ஒரே வரிசையா போறதைப் பத்தி எழுதி வெச்சிருக்கார். எதிர்ல வந்து மாட்டிக்கிட்டா வழி கிடைக்க நாள் கணக்குல நிக்கணுமாம். நம்ம தொப்பூர் கணவாய்ல டிராபிக் ஜாம் ஆகறதெல்லாம் அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல.

இந்த மாட்டு வரிசைக்கும், அது ராத்திரி தங்கற இடத்துக்கும் 'தாண்டா'ன்னு பேரு. இன்னிக்கும் எங்கயாவது ஊர்ப் பேர்ல 'தாண்டா'ன்னு பாத்தீங்கன்னா, என்னிக்கோ ஒரு நாள் இறங்கின லோடு திரும்ப ஏறவே இல்லைன்னு அர்த்தம்.

சேலம் சரித்திரத்துலயே இவங்களுக்கு ஒரு பங்கு உண்டு. 1791ல கார்ன்வாலிஸ் திப்புவோட ஸ்ரீரங்கப்பட்டணம் வரைக்கும் போயிட்டு, சோறும் இல்லாம இழுக்க மாடும் இல்லாம, பெரிய பீரங்கிகளை அங்கயே நாசம் பண்ணிட்டுத் திரும்பினார். அடுத்த தடவை பிரிஞ்சாரிகளோட தானியத்தைப் பலமா ஏற்பாடு பண்ணிக்கிட்டுப் போனார். 1792 உடன்படிக்கையில பாராமகாலும் சேலத்துச் சீமையும் கம்பெனி கைக்கு வந்துது. நம்ம ஊரு கைமாறினதுல பீரங்கிக்கு எவ்வளவு பங்கோ, அதுல பாதியாவது அரிசி மூட்டைக்கும் இருக்குன்னுதான் எனக்குத் தோணும்.

அப்புறம்? ஜெயிச்சவங்களே இவங்க பொழப்பையும் முடிச்சு வெச்சாங்க. 1805ல சென்னை மாகாணத்து உப்பு சர்க்கார் ஏகபோகமாச்சு. 1860களோட ஆரம்பத்துல சேலத்துக்கு ரயில் வந்துது. ஒரு ரயில் ஒரே நாள்ல இழுக்கற சரக்கை மாடு எத்தனை வாரம் சுமக்கணும்? 1871ல குற்றப் பரம்பரைச் சட்டம்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. ஊர் ஊராப் போறவன்னாலே திருடன்ங்கற கணக்கு. சில பகுதிகள்ல லம்பாடிங்களும் அந்தப் பட்டியல்ல விழுந்தாங்க. அந்தச் சட்டம் ஒழிய 1952 ஆச்சு. அதுக்குள்ள தாண்டாக்கள் அங்கங்க காட்டோரமா, மலையடிவாரமா ஊராயிடுச்சு. மாடு போச்சு, கூலி வேலை வந்துது.

*

மாடு போனாலும் ஒண்ணு கூடவே இருந்துது. பொம்பளைங்க கட்டியிருந்த துணி.

லம்பாடிப் பொம்பளைங்க உடுப்பைப் பழைய போட்டோவுலயாவது பாத்திருப்பீங்க. கணுக்கால் வரைக்கும் பெரிய பாவாடை, முதுகுப் பக்கம் நாடா வெச்சுக் கட்டற ரவிக்கை, தலையில இருந்து இறங்கற முக்காடு. மூணுலயும் ஒரு விரக்கடை இடம் விடாம கைத்தையல். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம்னு பளிச்சுன்னு நூல், ரூபா அளவு கண்ணாடி, சோழி, பழைய காசு. ஒத்தை ரவிக்கைக்கே மாசக்கணக்கா ஆகும். கல்யாணத்துக்கு உடுத்தறதைப் பொண்ணுங்க சின்ன வயசுலயே போட ஆரம்பிச்சிடுவாங்க.

இதுல எனக்குப் பெரிய ஆச்சரியம், நீலப்பொடியும் கிடையாது, பட்டர் பேப்பரும் கிடையாது. பெரும்பாலான டிசைனுக்குத் துணியோட இழையேதான் அளவு. இத்தனை இழை தாண்டி ஊசி ஏறணும், இத்தனை இழை தாண்டி இறங்கணும்னு கணக்கு. ஒரு இழை தப்பினா பத்து வரிசை தள்ளி கட்டம் கோணிக்கும். கண்ணாடி வெக்கறதும் அப்படித்தான். கண்ணாடியில ஓட்டை கிடையாது, பசை கிடையாது. முதல்ல குறுக்கயும் நெடுக்கயும் நூலை இழுத்து ஒரு சட்டம் கட்டிட்டு, அந்தச் சட்டத்தைச் சுத்தி காஜா எடுக்கற மாதிரி தையலை ஓட்டணும். நடு வட்டம் மெல்ல மெல்லத் திறந்து கண்ணாடி சிக்கிக்கும்.

இதுக்கெல்லாம் புத்தகம் இல்ல. லம்பாடி பாஷைக்குச் சொந்தமா எழுத்தும் கிடையாது. ராஜஸ்தானிக்குச் சொந்தக்கார பாஷை, வாய்வழியாவே இவ்வளவு தூரம் வந்திருக்கு. தையலும் அதே மாதிரிதான். அம்மா பக்கத்துல பொண்ணு உக்காரணும், தோழி பக்கத்துல தோழி உக்காரணும். கையைப் பாத்துக் கை கத்துக்கணும்.

அப்ப, பக்கத்துல உக்காரறது நின்னு போச்சுன்னா?

*

சேலத்துல இருந்து அயோத்தியாப்பட்டணம், மஞ்சவாடி கணவாய் தாண்டி அரூர். அங்கிருந்து கோட்டப்பட்டி வழியா போனா சித்தேரி மலைக்கும் கல்ராயன் மலைக்கும் நடுவுல ஒரு பள்ளத்தாக்கு. பேரு சிட்லிங்கி. இப்ப தருமபுரி மாவட்டம், பழைய கணக்குல நம்ம சேலம். மலையாளிங்கற பழங்குடி மக்கள் அதிகம் (கேரளா மலையாளி இல்லைங்க, மலையை ஆள்றவங்க). அவங்களுக்கு நடுவுல ரெண்டு லம்பாடி தாண்டா.

1993ல கேரளாவுல இருந்து ஒரு டாக்டர் தம்பதி, ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி, இங்க வந்தாங்க. (இவங்க நிஜமாவே கேரளா மலையாளி :-)) அப்ப ஆஸ்பத்திரின்னு போகணும்னா சுமார் 50 கிலோமீட்டர். ஊர்க்காரங்க கட்டிக்கொடுத்த குடிசையில வைத்தியம் ஆரம்பிச்சது, பழங்குடியினர் நல முன்முயற்சிங்கற அமைப்பா வளர்ந்துது. அந்த ஆஸ்பத்திரி கதை தனியா ஒரு பதிவுக்கு ஆகும். அதுல இருந்து கிளைச்ச இன்னொரு கதைதான் நமக்கு வேணும்.

லலிதா டாக்டர் பிரசவம் பாக்கறவங்க. தாண்டாப் பொம்பளைங்க எல்லாரோடயும் பழக்கம். அந்தப் பழக்கத்துல ஒண்ணைக் கவனிக்கறாங்க. வயசானவங்க கிட்ட மட்டும் அந்த வேலைப்பாடு துணி இருக்கு. அவங்க மகளுக சேலை, பேத்திக சுடிதார். ரெண்டு தலைமுறையா யாரும் ஊசி எடுக்கல. சரியாப் போடத் தெரிஞ்சவங்க யாருன்னு பாத்தா, ரெண்டே ரெண்டு மூத்த பொம்பளைங்க.

ரெண்டு பேர். ஒரு ரெண்டு சீட்டு பெஞ்சுல அடங்கிடற அளவு.

ஏன் விட்டாங்கன்னு யோசிச்சா காரணம் ஒண்ணும் புதுசு இல்ல. காடு மேடுன்னு கூலிக்குப் போறவளுக்கு அவ்வளவு கனமான பாவாடை ஒத்துவராது. வெளியூர் பிழைப்புக்குப் போனா நேரம் ஏது? முக்கியமா, அந்த உடுப்புல பஸ் ஏறினா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. ஒரு காலத்துல சட்டமே சந்தேகமாப் பாத்த ஜனம் கூட்டத்தோட கூட்டமா தெரியணும்னு நினைச்சதுல என்ன தப்பு? வேலைப்பாடு அழகா இல்லைன்னு யாரும் விடல. வேத்தாளா தெரிய வேண்டாம்னு விட்டாங்க.

2006ல அந்த ரெண்டு பேரும் சொல்லிக்கொடுக்க உக்காந்தாங்க. எதிர்ல தாண்டாவோட சின்ன வயசுப் பொண்ணுங்க. அப்படி உருவான பொம்பளைங்க சங்கத்துக்கு அவங்க வெச்ச பேரு 'போர்கை'. லம்பாடி பாஷையில பெருமைன்னு அர்த்தம். மேல சொன்ன காரணத்தைப் படிச்சிட்டு இந்தப் பேரை இன்னொரு தடவை படிங்க. எதனால விட்டாங்களோ அதுக்கான பதிலையே பேரா வெச்சிருக்காங்க.

சங்கம் அறுபது பேர் அளவுக்கு வளர்ந்துது. பாவாடைக்குப் போட்ட தையல் குர்தா கழுத்துக்கும், பைக்கும், மெத்தை உறைக்கும், சேலைக் கரைக்கும் இடம் மாறிச்சு. பளிச்சுங்கற பழைய நிறத்தோட இயற்கைச் சாயத் துணியும் சேர்ந்துது.

*

இதுல 'ரெண்டு'ங்கற எண்ணிக்கையைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கறேன். ஒருத்தர் மட்டும் மிஞ்சியிருந்தா?

தையல் போட்டவங்களுக்குத் தெரியும், விட்டு இருபது வருஷம் ஆனா தலைக்கு மறந்துடும், கைக்குப் பாதி ஞாபகம் இருக்கும். "இங்க மேல ஏறுமா, கீழ இறங்குமா?" அந்தக் கேள்வியைக் கேக்க ஒரு ஆள் வேணும். "இல்லடி, இப்படி" ன்னு ஊசியைப் பிடுங்கிப் போட்டுக்காட்டவும் ஒரு ஆள் வேணும். பழைய துணியைத் திருப்பி, பின்பக்கம் நூல் ஓடின வழியைப் பாத்துக் கொஞ்சம் கண்டுபிடிக்கலாம்தான். ஆனா எதை முதல்ல போட்டாங்க, எதை அப்புறம் போட்டாங்கங்கறதைத் துணி முழுசாச் சொல்லாது. கூட உக்காந்தவதான் சொல்லணும். ஒரு கலை உயிரோட இருக்க ஒரு ஆள் போதாது, குறைஞ்சது ஒரு ஜோடி வேணும்ங்கறது என் கட்சி.

பக்கத்துலயே சாட்சி இருக்கு. நீலகிரித் தோடர்களோட பூத்தையலைப் பாருங்க. வெள்ளைப் பருத்திப் போர்வையில சிவப்பும் கறுப்பும் நூல், அதுவும் வரையாம இழை எண்ணித்தான். சனத்தொகை ரொம்பச் சின்னது, ஆனா போர்வையைச் சடங்குக்கும் விசேஷத்துக்கும் உடுத்தறதை அவங்க விடல, அதனால பொம்பளைங்க தையலையும் விடல. 2013ல புவிசார் குறியீடும் வந்துது. கர்நாடகாவுல சண்டூர்ல லம்பாணிப் பொம்பளைங்க குசல கலா கேந்திரத்துல சேர்ந்து போடறாங்க. பதினாலு வகைத் தையல் கணக்கு வெச்சிருக்காங்க. கிலன், வேலே, பக்யா, மாக்கி, சூர்யகாந்தி மாக்கின்னு ஒவ்வொண்ணுக்கும் பேரு. 2023ல ஹம்பியில ஜி20 கூட்டம் நடந்தப்ப அவங்க வேலைப்பாடு 1755ஐக் காட்சிக்கு வெச்சு கின்னஸ் சாதனை. அங்க கூட்டம் கலையாததால கணக்கு பதினாலு. நம்ம பக்கம் கூட்டம் கலைஞ்சதால ஆள் கணக்கே ரெண்டு.

*

சரி, சந்தோஷமா முடிஞ்சுதான்னு கேட்டா, ஒரு உறுத்தல் இருக்குங்க.

தனக்குன்னு போட்டப்ப அதுல அவசரம் இல்ல, விலை இல்ல. இப்ப ஆர்டர், அளவு, தேதின்னு வந்தாச்சு. பொழுதுபோக்கு தொழிலாகும்போது அந்தத் திண்ணைப் பேச்சு என்னாகும்?

அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல ஜீஸ் பெண்ட்னு ஒரு ஊர். அடிமைகளோட வம்சாவளிக் கறுப்பினப் பெண்கள் கிழிஞ்ச வேலை உடுப்புகளை ஒட்டுப்போட்டு மெத்தை விரிப்பு தைப்பாங்க. குளிருக்காகத் தைச்சது. 1966ல அந்தப் பகுதிப் பெண்கள் கூட்டுறவு ஆரம்பிச்சாங்க. 2002ல நியூயார்க் விட்னி மியூசியத்துல அந்த விரிப்புகள் சுவர்ல ஓவியம் மாதிரி தொங்கிச்சு. 2006ல, ஆமா நம்ம போர்கை ஆரம்பிச்ச அதே வருஷம், அமெரிக்க தபால்தலையாவும் வந்துது. அடுத்த வருஷமே சில பெண்கள் எங்களுக்குச் சேரவேண்டிய காசு சேரலைன்னு கோர்ட்டுக்குப் போனாங்க. 2008ல சமரசம் ஆச்சு. கலை ஊர் தாண்டும்போது பெருமையும் வரும், கணக்கு வழக்கும் வரும்.

அதுக்காக, காசு வந்தா கலை கெட்டுடும்னு சொல்ற கட்சி நான் இல்ல. அந்த வாதத்தைச் சொல்றவங்க பெரும்பாலும் வயிறு நிறைஞ்சவங்க. கூலிக்கு ஊரை விட்டுப் போகவேண்டியவ வீட்டுலயே, தன் சினேகிதிக நடுவுல உக்காந்து சம்பாதிக்கறான்னா, அந்தத் திண்ணையைக் காப்பாத்தினதே அந்தக் காசுதான். என் தலைமுறைக்கு அந்தச் சாக்கு கூட இல்லையே. எங்களை யாரும் துரத்தல, பஸ்ல யாரும் முறைக்கல. சும்மாவே விட்டுட்டோம். ரெடிமேட் தலையணை உறை கடையில கிடைக்குது, தீர்ந்துது கதை.

பக்கத்து வீட்டு அக்கா குடும்பம் லாரியை வித்துட்டு ஊரை விட்டுப் போயிட்டாங்க. போகும்போது பட்டர் பேப்பர் கட்டு மொத்தத்தையும் அம்மாகிட்டயே குடுத்துட்டாங்களாம். அதுக்கப்புறம் அம்மா வளையத்தை எடுத்ததா எனக்கு ஞாபகமே இல்ல. கையில டிசைன் எல்லாம் இருந்துது. காட்டறதுக்குத்தான் ஆள் இல்ல.

ஒரு கண்காட்சியில சிட்லிங்கிப் பொம்பளைங்க போட்ட சின்னப் பை ஒண்ணு வாங்கிட்டு வந்து அம்மாகிட்ட குடுத்தேன். வாங்கின உடனே முன்பக்கத்தைப் பாக்கவே இல்ல. சடக்குன்னு உள்பக்கத்தைத் திருப்பிட்டாங்க. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் எங்கிருந்தோ ஊசியும் நூலும் வந்துது. பழைய வேட்டித் துணியில ஒரு மூலையில போட்டுப் பாத்தாங்க, பிரிச்சாங்க, மறுபடி போட்டாங்க. கண்ணாடி வெக்கறது வந்துடுச்சு. அந்தக் கட்டம் கட்டமா வர்ற இழைக்கணக்கு மட்டும் மூணு நாளாகியும் வரல.

"பாத்தா வராது கண்ணு இது. பக்கத்துல உக்காந்து ஒருத்தர் போட்டுக் காட்டணும்"னாங்க.

அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்த அக்கா இப்ப எங்க இருக்காங்கன்னு உங்கப்பாவக் கேட்டுப் பாரு. லாரி ஆபீஸ்ல யாருக்காச்சும் தெரியும்".

கேட்டுக்கிட்டு இருக்கோம்.

உங்க வீட்டு பீரோவுலயும் கிளியோ மயிலோ 'குட் நைட்'டோ கண்டிப்பா ஒண்ணு இருக்கும். எடுத்துத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்க. யாரு போட்டது, யாருகிட்ட கத்துக்கிட்டாங்கன்னு கேட்டு வையுங்க. சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுடுங்க.